தேர்வுக்கு முன்பே பரிசளிப்பு விழாவா? மாங்கெரேயில் படிக்கும் மகளுக்காக ஒரு கேள்வி

திருச்சி அம்மா:
வணக்கம். ஆக்லாந்து வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, வீடு மாங்கெரேயில். மகள் இயர் 11. வகுப்பில் சமோவா, டோங்கா, குக் தீவுகள், மாவோரி, ஃபிஜி இந்தியப் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறார்கள், தமிழ் பேசுவது இவள் ஒருத்திதான். நவம்பர் முதல் வாரம் பரிசளிப்பு விழா என்று கடிதம் வந்திருக்கிறது, அதற்கு அப்புறம்தான் என்சிஇஏ தேர்வே, அதாவது நியூசிலாந்தின் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வே, தொடங்குகிறது. தேர்வு எழுதாமல் எதை வைத்துப் பரிசு கொடுக்கிறார்கள்?

அதைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது, விழாவில் ஆடுவதற்காக சமோவா நடனக் குழுவில் சேர்ந்துவிட்டாள், வாரம் மூன்று நாள் ஒத்திகை முடிந்து ஆறரை மணிக்குத்தான் வீடு வருகிறாள், கணக்குப் புத்தகம் மேசையில் திறந்தபடி அப்படியே கிடக்கிறது. நிறுத்தச் சொல்லலாமா? அறிவியலில் இவளுக்குப் பரிசு உண்டாம். அவருக்கு ஏர்போர்ட்டில் நைட் ஷிஃப்ட், நான் மட்டும்தான் போவேன். என்ன கொண்டு போக வேண்டும்?

கணக்கு வாத்தியார்:
தெற்கு ஆக்லாந்தில்தான் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நம் ஊர்ப் பொதுத்தேர்வு மாதிரி இங்கே எல்லாம் ஒரே பரீட்சையில் முடிவதில்லை. இயர் 11 பிள்ளைகள் எழுதும் முதல் நிலையில் ஒரு பாடத்துக்கு ஏறத்தாழ 20 கிரெடிட், அதாவது தேறித் தேறிச் சேர்க்கும் புள்ளி, அதில் பாதி வருடம் முழுக்கப் பள்ளியிலேயே செய்யும் வேலைக்கு, மீதிதான் நவம்பர் தேர்வுக்கு. விழாவில் கொடுப்பது அந்த ஒரு வருட உழைப்புக்கான பரிசு. சீனியர் பிள்ளைகள் தேர்வு விடுப்பில் போய்விட்டால் மறுபடி எல்லோரையும் ஒன்றாகப் பிடிக்க முடியாது, அதனால்தான் முன்கூட்டியே வைத்துவிடுகிறார்கள்.

சான்றிதழுக்கு 60 கிரெடிட், அதோடு எழுத்தறிவு, எண்ணறிவுக்குத் தனியாக 20. மகளின் கிரெடிட் கணக்கை தேர்வை நடத்தும் அரசு அமைப்பான என்சட்கியூஏவின் தளத்தில் அவளுடைய லாகினிலேயே பார்க்கலாம், இன்று இரவே இரண்டு பேரும் உட்கார்ந்து பாருங்கள். ஆனால் பரிசு வந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், ஒரு பாடத்தில் எக்ஸலன்ஸ் என்ற உயர்ந்த தர முத்திரை வேண்டுமென்றால் அந்தத் தரத்தில் 14 கிரெடிட் வேண்டும், அதில் நவம்பர் தேர்விலிருந்தும் கொஞ்சம் வந்தாக வேண்டும். முடிவு ஜனவரி நடுவில் வரும்.

யாழ்ப்பாணத்து அக்கா:
தங்கச்சி, வெறுங்கையோடு மட்டும் போகாதீர்கள்! முதல் வருடம் நான் அப்படித்தான் போனேன். விழா முடிந்து வெளியே வந்தால் மற்றப் பிள்ளைகளின் கழுத்தில் மூக்கு வரைக்கும் மாலை, என் மகன் மட்டும் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான். அன்றைக்கு அவனைப் பக்கத்து வீட்டு டோங்கா அம்மா கூப்பிட்டு, தன் மகளுக்குக் கொண்டு வந்ததில் ஒன்றைக் கழற்றி இவனுக்குப் போட்டார். இன்னமும் அதை நினைத்தால் கண் கலங்குகிறது.

சமோவாக்காரர் மாலையை உலா என்பார்கள், டோங்காவில் கஹோவா. பூ மாலை உண்டு, பண நோட்டை மடித்துக் கோத்ததும் உண்டு, பிள்ளைகளுக்குப் பிடித்தது மிட்டாய் மாலைதான். நீளமான செலோஃபேன் தாளில் மிட்டாயை வரிசையாக வைத்துச் சுருட்டி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ரிப்பனால் இறுக்கிக் கட்ட வேண்டும், மல்லிகை தொடுத்த கைக்கு அரை மணி நேர வேலை. இரண்டு மூன்று கூடுதலாகக் கட்டுங்கள். யாரும் வராத பிள்ளை ஒன்றாவது இருக்கும்.

அப்புறம், பெயர் கூப்பிடும்போது வகுப்புப் பையன்கள் எழுந்து, காலை உதைத்துக் கத்தி ஆடும் மாவோரி ஹாகா ஆடினால் பயந்துவிடாதீர்கள், அது உங்கள் பிள்ளைக்குச் செய்யும் மரியாதை. நீங்கள் பட்டுச் சேலையே கட்டிப் போங்கள். டோங்கா அம்மாமார் இடுப்பில் தஓவாலா பாய் சுற்றி வருவார்கள், சமோவா அம்மாமார் புலேதாசி என்ற விழா உடுப்பில் வருவார்கள், அங்கே சாதாரண உடுப்பில் போனால்தான் ஒரு மாதிரி இருக்கும்.

ஓட்டாராவில் வளர்ந்தவள்:
ஆன்ட்டி, நடனத்தை நிறுத்தாதீர்கள், ப்ளீஸ். 1976இல் இதே ஓட்டாராவில் ஒரு பள்ளியில் தொடங்கிய பாலிஃபெஸ்ட் என்ற பள்ளிகளின் நடன விழா இன்றைக்கும் ஒவ்வொரு வருடமும் நடக்கிறது, அந்த மேடையில் ஆடுவதற்காகவே பள்ளிக்கு ஒழுங்காக வந்த தோழிகள் எனக்கு உண்டு. நான் இயர் 11இல் டோங்கா குழுவில் ஆடினேன். எனக்கு மொழி தெரியாது, பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் சொல்லிச் சொல்லி அவர்கள்தான் கையசைவைக் கற்றுக்கொடுத்தார்கள், அதே தோழிகளோடுதான் அப்புறம் நூலகத்தில் உட்கார்ந்து பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தோம். குழுவை விட்டு வந்தால் உங்கள் மகள் படிப்புத் துணையையும் சேர்த்து இழப்பாள். விழா முடிந்த மறுநாளிலிருந்து ஒத்திகை இருக்காது, அதற்கப்புறம் நேரம் கிடைக்கும்.

திருச்சி அம்மா:
எல்லோருக்கும் நன்றி. ராத்திரி அவளோடு உட்கார்ந்து பார்த்தேன், இப்போதே 48 கிரெடிட் வைத்திருக்கிறாள், எனக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்திருக்கிறது. ஒத்திகைக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். செலோஃபேன் வாங்கியாகிவிட்டது, நான்கு மாலை கட்டப் போகிறேன், ஒன்று அவளுக்கு நடனம் கற்றுக்கொடுக்கும் சமோவாப் பெண்ணுக்கு. மாலையை மேடைக்குப் போகுமுன் போடலாமா, இல்லை முடிந்த பிறகா?

யாழ்ப்பாணத்து அக்கா:
முடிந்த பிறகு, வெளியே வைத்து. கொஞ்சம் முன்னாலேயே வெளியே வந்து வாசலில் நில்லுங்கள், இல்லாவிட்டால் கூட்டத்தில் பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியாது.