அல்ட்ராவைட் மானிட்டருக்குத் தமிழில் ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

டர்பன் அக்கா தம் தமிழ் வகுப்பின் இதழுக்கு ஒரு கட்டுரை கேட்டிருந்தார். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர், வேலை முடிந்ததும் அதே மேசையில் கணினி விளையாட்டும் ஆடுகிறவர், இரண்டுக்கும் சேர்த்து ஒரே மானிட்டராக எதை வாங்கலாம் என்பதுதான் பொருள். எழுத உட்கார்ந்தால் அல்ட்ராவைட் (சாதாரணத் திரையைவிடப் பக்கவாட்டில் இன்னும் அகன்ற மானிட்டர்) என்ற சொல் வரிக்கு வரி வந்து நிற்கிறது. ஓரிரு இடம் என்றால் அப்படியே விட்டுவிடலாம். கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு என்றால் தமிழில் ஒரு சொல் வேண்டும். இந்தக் குழுவில் முன்பு அடிபட்டவை நான்கு: அகலத்திரை, பெருந்திரை, நெடுந்திரை, மீயகலத்திரை.

அகலத்திரைக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்தது. அன்று முதல் அகன்ற திரை என்றால் நம்மவர்களுக்குக் கொட்டகைதான். கணினிப் பக்கம் வந்தால், அகலத்துக்கும் உயரத்துக்குமான விகிதம் 16:9 கொண்ட சாதாரண மானிட்டரையே அகலத்திரை என்று எழுதிப் பழகிவிட்டோம்.

பெருந்திரை கூடவே கூடாது என்பேன். வாங்குகிறவர் ஏமாறும் இடமே அதுதான். பெட்டியில் 34 அங்குலம் என்று போட்டிருக்கும். அது மூலைக்கு மூலை அளந்த அளவு. அல்ட்ராவைட்டின் 21:9 வகையில் 34 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 33 செ.மீ.; அதாவது சாதாரண 27 அங்குலத் திரையின் உயரம்தான். அகலம் மட்டும் 60 செ.மீ.-லிருந்து 80 செ.மீ. ஆகிறது. 29 அங்குலம் வாங்கினால் கிடைப்பது பழைய 23 அங்குலத்தின் உயரம். ஏற்கெனவே 32 அங்குல அகலத்திரை வைத்திருப்பவர் 'இரண்டு அங்குலம் கூடுதல்தானே' என்று இதற்கு மாறினால், 40 செ.மீ. உயரம் 33-ஆகக் குறைந்துபோகும். நீண்ட ஆவணமோ நிரலோ படிக்கிறவருக்கு அது இழப்புதான். எனவே நாம் ஆக்கும் சொல், திரை பக்கவாட்டில் மட்டும்தான் கூடியிருக்கிறது, மேலே கூடவில்லை என்பதைக் காட்ட வேண்டும். எனக்கு இந்த ஒரு நிபந்தனை போதும்.

நெடுந்திரையும் இதனால் தேறாது. நெடிய ஆள் என்றால் உயரமானவர். நிரல் எழுதுகிறவர்கள் சிலர் மானிட்டரைச் செங்குத்தாகத் திருப்பி வைத்திருப்பார்களே, அதற்கு வேண்டுமானால் நெடுந்திரையை வைத்துக்கொள்ளலாம்.

மீயகலத்திரையில் இலக்கணப் பிழை இல்லை. மீயொலி (அல்ட்ராசவுண்ட்), மீயுரை (ஹைப்பர்டெக்ஸ்ட்) என்றெல்லாம் புழங்குகிறோம். ஆனால் 32:9 என்று இன்னொன்று வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு முன்னால் சூப்பர் என்று ஒட்டி விற்கிறார்கள். நாம் என்ன, மீமீயகலம் என்போமா? விற்பனைக்காரர் அடுக்கும் அடைமொழிக்கெல்லாம் ஈடுகொடுத்து நம்மால் முடியாது. அதே அல்ட்ரா ஒட்டிய ஒளிக்கு (அல்ட்ராவயலட்) நாம் மீ ஒட்டவில்லை; அது ஊதாவுக்குப் புறத்தே இருப்பதால் புறஊதா என்றோம்.

என் பரிந்துரை: விரிதிரை. பக்கவாட்டில் விரிந்த திரை. விரிதாள் (ஸ்பிரெட்ஷீட்) ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த சொல். இந்தத் திரையின் முதல் பயனே நாற்பது ஐம்பது நெடுவரிசைகள் கொண்ட விரிதாளை இழுத்து இழுத்துப் பார்க்காமல் ஒரே பார்வையில் பார்ப்பதுதான்.

உங்கள் கருத்து?

— ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து

* * *

தம்பிக்கு வணக்கம்.

பெருந்திரை பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் விரிதிரைக்குப் போகுமுன் ஒன்றைப் பார்த்துவிடுவோம். அகலத்துக்கென்றே தமிழில் பழைய உரிச்சொல் ஒன்று இருக்கிறது. 'வியல் என் கிளவி அகலப் பொருட்டே' என்பது தொல்காப்பியம். வியனுலகு, வியன்புலம் என்று செய்யுளில் நிறையப் படித்திருக்கிறோம். வியன்திரை என்றால் என்ன குறை? அகலம் என்ற பொருள் நேராகவே இருக்கிறது, விரி என்று வினைக்குப் போக வேண்டியதில்லை.

இங்கே பிரிட்டோரியாவில் ஆஃப்ரிகான்ஸ் பேசுகிற அலுவலக நண்பர்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. கணினியை அவர்கள் ரேக்கனார் என்கிறார்கள். கணக்கிடுவது என்ற வினையிலிருந்து வந்தது, நம் கணினி போலவே. மடிக்கணினி அவர்களுக்கு ஸ்கூட்ரேக்கனார். ஸ்கூட் என்றால் மடி! யாரைப் பார்த்து யார் செய்தது என்ற கேள்விக்கே இடமில்லை. இரண்டு பேரும் தம் மொழிக்குள் கையை விட்டு எடுத்திருக்கிறார்கள். அவர்கள் அதைக் கூச்சமில்லாமல் கடையிலும் சொல்கிறார்கள். நாம் மடலில் மட்டும் சொல்கிறோம்.

இன்னொன்று, விரிதிரை புதுச்சொல் அல்ல. குறுந்தொகை 101-ஆம் பாட்டு 'விரிதிரைப் பெருங்கடல்' என்றுதான் தொடங்குகிறது. அங்கே திரை என்றால் அலை. இருக்கிற சொல்லை வேறு பொருளுக்கு இழுக்கலாமா என்பதையும் யோசியுங்கள்.

— பிரிட்டோரியாவிலிருந்து

* * *

ஐயாவுக்கும் தம்பிக்கும் வணக்கம்.

வியன்திரை காதுக்கு இனிமைதான் ஐயா. ஆனால் புணர்ச்சி என்ன ஆகும்? வியல் என்று எடுத்தால் வியற்றிரை. வியன் என்று எடுத்தால், கண்டிப்பானவர் வியன்றிரை என்று திருத்துவார். என் வகுப்பில் இருக்கிறவர்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பிள்ளைகள். வீட்டில் ஆங்கிலம்தான். 1860-லிருந்து கப்பலேறி வந்தவர்களின் ஐந்தாம் ஆறாம் தலைமுறை. சனிக்கிழமை எழுத்துக்கூட்டிப் படித்துத் தமிழைத் திரும்பப் பிடிக்கிறார்கள். 'ற்றி'யைக் கண்டாலே நின்றுவிடுவார்கள். விரி அவர்களுக்குத் தெரியும். பாயை விரி, குடையை விரி என்று பாட்டிகள் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். திரையும் தெரியும். இரண்டையும் சேர்த்தால் விளக்கம் சொல்லாமலே புரிகிறது. வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்றும் மிகாது: விரித்திரை அல்ல, விரிதிரை. இதை மட்டும் அடிக்கடி நினைவூட்ட வேண்டியிருக்கும்.

அலை என்ற பழைய பொருளால் குழப்பம் வராது ஐயா. திரைச்சீலையையும் திரைப்படத்தையும் அந்த ஒரே சொல் இத்தனை நாளாகத் தாங்கிக்கொண்டுதானே இருக்கிறது. அதுவும் டர்பன் பிள்ளைகளுக்கு அலை என்றால் சர்ஃபிங் பலகை. குறுந்தொகை வரியை வகுப்பில் சொல்லித் தர எனக்கு நல்ல சாக்கு கிடைத்தது, நன்றி.

எனக்கு இருக்கிற சந்தேகம் வேறு. கட்டுரையில் வளைந்த மானிட்டரும் வருமே, அதை என்ன சொல்வது?

— டர்பனிலிருந்து

* * *

அக்கா, அண்ணா, ஐயா, வணக்கம். நான் அதிகம் எழுதுவதில்லை, விளையாட்டு என்று பார்த்ததும் வந்துவிட்டேன்.

விரிதிரைக்கு ஒரு தடை சொல்கிறேன். சுருட்டி வைத்து விரிக்கிற திரை, மடித்து விரிக்கிற கைபேசித் திரை எல்லாம் வந்துவிட்டது. விரிதிரை என்றால் நான் முதலில் அதைத்தான் நினைத்தேன்.

ஆனால் விளையாடும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தால் சொல் பொருந்தத்தான் செய்கிறது. கார்ப் பந்தயம், விமானம் ஓட்டும் விளையாட்டுகளில் 16:9-லிருந்து 21:9-க்கு மாறினால் படம் பெரிதாவதில்லை, இரண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் உலகம் தெரிகிறது. பக்கத்துக் கார் கண்ணாடிக்குள் வராமல் நேரடியாகவே கண்ணில் படும். எல்லா விளையாட்டிலும் இது நடக்காது என்பதைக் கட்டுரையில் கட்டாயம் எழுதுங்கள் அண்ணா. எல்டன் ரிங் வந்தபோது 21:9-ஐ ஏற்கவில்லை, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. வேலரன்ட் ஆடுகிறவருக்குக் கூடுதல் காட்சி கிடைக்காது. எல்லோருக்கும் சம வாய்ப்பு வேண்டும் என்பதால். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் இரண்டும் 21:9 படத்தைத் தருவதே இல்லை. அவற்றை மட்டும் வைத்திருப்பவர் இந்தத் திரைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கிராஃபிக்ஸ் அட்டையையும் பாருங்கள். 3440×1440 என்பது 2560×1440-ஐவிடச் சுமார் 34 விழுக்காடு அதிகப் பிக்சல். பழைய அட்டை மூச்சு வாங்கும். திரையை வாங்கிவிட்டு அடுத்த மாதம் அட்டைக்கும் செலவழித்தவர்களை எனக்குத் தெரியும்.

— கேப் டவுனிலிருந்து

* * *

அனைவருக்கும் நன்றி.

சுருட்டுகிற திரைக்குச் சுருள்திரை, மடிக்கிறதற்கு மடிதிரை என்று வைத்துக்கொள்வோம் தம்பி. இரண்டிலும் சுருட்டுவதும் மடிப்பதும்தான் தனித்தன்மை. எந்தத் திரையும் கடைசியில் விரியத்தான் செய்யும். விரிவதையே அடையாளமாகக் கொண்டது இது ஒன்றுதான். ஐயா மன்னிக்க வேண்டும், வியன்திரையைக் கவிதைக்கு விட்டுவிடுகிறேன். கடையில் நின்று சொல்லக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

அக்கா, வளைந்ததற்கு வளைதிரை. இதுவும் வினைத்தொகை, விரிதிரைக்கு அக்கம்பக்கமாக நிற்கும். வளைவின் அளவு பெட்டியில் 1800 ஆர், 1500 ஆர், 1000 ஆர் என்றெல்லாம் இருக்கும். அது வட்டத்தின் ஆரம், மில்லிமீட்டரில். எண் குறையக் குறைய வளைவு கூடும். அந்த 'ஆர்' ஆரத்துக்கும் பொருந்துவதால் 'ஆரம் 1800' என்றே எழுதிவிடலாம். விளையாட்டுக்கு 1000 சிலருக்குப் பிடிக்கும். நாள் முழுக்க விரிதாளின் நேர்கோடுகளைப் பார்க்கிறவருக்கு 1800-ஏ போதும் என்பது என் எண்ணம்.

32:9-க்குத் தனிச்சொல் வேண்டாம். 49 அங்குலத்தில் வரும் அது, 27 அங்குல அகலத்திரை இரண்டை இடையில் சட்டமில்லாமல் ஒட்டியது போன்றது. '32:9 விரிதிரை' என்று எண்ணைச் சேர்த்தாலே தெளிவாகிவிடும். எண் பேசுகிற இடத்தில் அடைமொழி எதற்கு?

சொற்களை ஓட்டிப் பார்க்கக் கட்டுரையிலிருந்து ஒரு பத்தி இதோ. எங்கே தடுக்கிறது என்று சொல்லுங்கள்.

"வேலைக்கு விரிதிரை வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது யுஎஸ்பி-சி போர்ட். ஒரே கம்பியில் படமும் போய், மடிக்கணினிக்கு மின்சாரமும் ஏறினால் மேசை காலியாக இருக்கும். 90 வாட் தருமா, 65 வாட்தானா என்று கேளுங்கள். பழைய மடிக்கணினியில் எச்டிஎம்ஐ 1.4 என்ற பட இணைப்பு மட்டும் இருந்தால் 3440×1440 திரை 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 படம்) ஓடாமல் போகலாம். விளையாட்டுக் கணினியை டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு வகைப் பட இணைப்பில் இணையுங்கள்; எச்டிஎம்ஐ 2.0 என்றால் 100 ஹெர்ட்ஸ் அளவில் நின்றுவிடும். சென்னையில் இருக்கும் குழுவுக்கு உங்கள் விரிதிரை முழுவதையும் பகிர்ந்தால், அவர்களுடைய அகலத்திரையில் அது ஒரு பட்டையாகச் சுருங்கி எழுத்து எறும்பாகத் தெரியும். ஒரு சாளரத்தை மட்டும் பகிருங்கள். ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) விரிதிரையில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், இரவு விளையாட்டுக்கு அதற்கு ஈடில்லை. ஆனால் எட்டு மணி நேரம் அசையாமல் நிற்கும் பணிப்பட்டை நாளடைவில் திரையில் தடமாகப் பதியக்கூடும். வேலைதான் அதிகம் என்றால் ஐபிஎஸ் (பின்னொளி கொண்ட எல்சிடி வகை) வாங்குங்கள்."

லோட் ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) பற்றியும் ஒரு பத்தி இருக்கிறது. 2023-ல் பட்டபாடு யாருக்கும் மறந்திருக்காது. மின்சாரம் போனதும் மடிக்கணினி பேட்டரியில் ஓடும், திரை அணைந்துவிடும். 34 அங்குல விரிதிரை சாதாரண வெளிச்சத்தில் ஐம்பது வாட் அளவில்தான் இழுக்கும். அதையும் மடிக்கணினியையும் ரௌட்டரையும் சிறிய இன்வெர்ட்டர் ஒன்றே இரண்டரை மணி நேரம் தாங்கும். விளையாட்டுக் கணினியை அதில் செருகினால் தாங்காது. தம்பிக்கு அந்த நேரத்தில் புத்தகம்தான்.

மறுப்பு இல்லையென்றால் சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்:

விரிதிரை – 21:9 அல்லது அதனினும் அகன்ற கணினித் திரை; உயரம் கூடாமல் பக்கவாட்டில் கூடியது. அகலத்திரை – 16:9. வளைதிரை – உட்புறம் வளைந்தது. ஆரத்தை மில்லிமீட்டரில் குறிக்க. நெடுந்திரை – செங்குத்தாகத் திருப்பியது.

ஒன்று பாக்கி. ஒரே விசைப்பலகையையும் சுட்டியையும் அலுவலக மடிக்கணினிக்கும் விளையாட்டுக் கணினிக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கிற கேவிஎம் வசதி இந்தத் திரைகளில் பலவற்றில் உண்டு. கட்டுரையில் அதற்கு 'கணினி மாற்றி' என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். எனக்கே திருப்தி இல்லை. கணினியையே மாற்றித் தருகிற கடை போல இருக்கிறது. புது இழையில் யாராவது தொடங்குங்கள்.

— ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து