ஒகேனக்கல் தண்ணீரையும் போர்வெல் தண்ணீரையும் ஒரே தொட்டியில் ஏற்றலாமா?

பென்னாகரத்தான்:
தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான். ஜப்பான் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து 2013-ல் தொடங்கினார்கள். இப்போது பல ஊர்களில் காவிரித் தண்ணீர் ஏறும் மேல்நிலைத் தொட்டியிலேயே போர் தண்ணீரும் ஏறுகிறது. போரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃபுளோரைடு, ஆற்று நீரில் 0.4 என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி கலந்தால் 1.7. நம் நாட்டுத் தர அளவு 1 மில்லிகிராம்; வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம். அதையும் தாண்டுகிறது. கலப்பதை உடனே நிறுத்த வேண்டும்.

ஏரிக்கரை:
நிறுத்திவிட்டு ஜனங்கள் எங்கே போவார்கள்? வீட்டுக்கு வீடு குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டக் கணக்குப்படி ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். கடைக்கோடி ஊருக்கு ஆற்றுத் தண்ணீர் அவ்வளவு வந்து சேர்வதில்லை. குழாய் உடைந்தால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். மாடு கன்றுக்கு என்ன செய்வது? தொலைவிலிருந்து வரும் ஒரே குழாயை நம்புவதுதான் கோளாறு. ஏரியைத் தூர்வாருங்கள், வரத்துக் கால்வாய் ஆக்கிரமிப்பை எடுங்கள், கிணறு ஊறும். ஆழமான போரைவிடக் கிணற்றில் பெரும்பாலும் ஃபுளோரைடு குறைவு.

பென்னாகரத்தான்:
ஏரி வேலை வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அது பலன் தர வருடங்கள் ஆகும். குழந்தைக்கு நிலைப்பற்கள் உருவாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள். அதற்குள் பல்லில் ஏறிய பழுப்புக் கறை வாழ்நாள் முழுக்கப் போகாது. பல வருடம் குடித்தால் முதுகும் மூட்டும் இறுகிவிடும்.

கடத்தூர் வாசகி:
காய்ச்சிக் குடித்தால் போதாதா? எங்கள் வீட்டில் அப்படித்தான்.

பென்னாகரத்தான்:
போதாது சகோதரி. கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும்.

ஏரிக்கரை:
அப்படியென்றால் ஊருக்கு ஒரு ஆர்ஓ சுத்திகரிப்பு இயந்திரம் வைக்கலாமே?

தொட்டி ஆபரேட்டர்:
எங்கள் ஊரில் வைத்தார்கள் அண்ணா. மெம்பரேன் என்ற வடிகட்டும் சவ்வை மாற்றப் பணமில்லாமல் பூட்டிக் கிடக்கிறது. ஓடிய காலத்திலும் கழிவு நீர் பக்கத்துச் சாக்கடையில்தான் போனது. பிரித்தெடுத்த ஃபுளோரைடு எல்லாம் அதில்தானே இருக்கும்? சரி, கலப்பது ஏன் என்று நான் சொல்கிறேன். காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். தொட்டியில் மட்டம் குறைந்தால் போர் மோட்டாரைப் போடுவதைத் தவிர எனக்கு வேறு வழி கிடையாது. குளோரின் அளவு பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஃபுளோரைடு பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை.

பென்னாகரத்தான்:
தம்பி, தவறு உங்களுடையது அல்ல. வழி ஒன்று இருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 8 முதல் 10 லிட்டர் போதும். ஃபுளோரைடு ஊர்களுக்கு ஜல் ஜீவன் திட்டமே இடைக்கால ஏற்பாடாக வைத்திருக்கும் அளவு இது. காவிரித் தண்ணீருக்கு ஒரு சிறு தொட்டி, தெருவுக்கு ஒரு தனிக் குழாய். போர் தண்ணீர் பழைய தொட்டியில், துவைக்கவும் மாட்டுக்கும். குறைவாக வந்தாலும் குடிக்கும் தண்ணீர் சுத்தமாக இருக்கும்.

ஏரிக்கரை:
மறுபடியும் தெருக்குழாயில் குடத்தோடு வரிசையா? வீட்டுக்கு வீடு இணைப்பு கொடுத்ததே பெண்கள் அந்தப் பாட்டைப் படக்கூடாது என்றுதான். அந்தத் தொட்டிக்கு ஆகும் பணத்தை ஏரிக்குப் போடுங்கள் என்பேன்.

கடத்தூர் வாசகி:
குடம் தூக்குவது நாங்கள், அதனால் சொல்கிறேன். குடிக்க இரண்டு குடம் என்றால் தூக்கலாம், என் பிள்ளைக்குப் பல் கறையாகாது என்று தெரிந்தால். ஆனால் எங்கள் குழாயில் எவ்வளவு ஃபுளோரைடு இருக்கிறது என்று முதலில் யாராவது சொல்லுங்கள். பரிசோதனைப் பெட்டி கொடுத்து ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று ஜல் ஜீவன் திட்டத்திலேயே இருக்கிறதாமே?

தொட்டி ஆபரேட்டர்:
இருக்கிறது அக்கா. அக்டோபர் 2 கிராம சபையில் கேளுங்கள். போரில் தனியாக, தொட்டியில் தனியாக, கடைசி வீட்டுக் குழாயில் தனியாக எடுக்கச் சொல்லுங்கள். மாதிரி பிடிக்க நான் வருகிறேன்.