கொழும்பில தமிழில பைபிள் வாசிக்கிற சின்ன குழு தெரியுமோ?

அண்ணாமார் அக்காமார், ஒரு உதவி வேணும். சின்னனில இருந்தே செவ்வாய்க்கிழமையில கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போறனான், மெழுகுதிரி கொளுத்துவன், நேர்த்தி வைப்பன், வேலை, அம்மாட சுகம் எண்டு கேட்டதெல்லாம் கிடைச்சும் இருக்கு, ஆனா ராவில லைட்ட நூத்திட்டுப் படுத்தா மனசு வெறுமையா கிடக்கு. போன கிழமை யோவான் 4ஆம் அதிகாரம் வாசிச்சன். மத்தியானம் தண்ணி அள்ள வந்த அந்த சமாரியப் பொம்பிளை, கிணத்தடியில இயேசுவோட கதைச்சுப்போட்டு, கடைசியில குடத்தையே விட்டிட்டு ஊருக்குள்ள போறா. அதில அழுகை வந்திட்டு. நான் இவ்வளவு நாளும் குடத்த நிரப்பத்தான் போயிருக்கிறன், இயேசுவைத் தேடிப் போகேல்ல. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம், வேலை முடிஞ்சு வரக்கூடிய மாதிரி, சேர்ந்து வாசிச்சு செபிக்கிற குழு ஆருக்காவது தெரியுமோ? கத்தோலிக்கமோ மெதடிஸ்தமோ பரவாயில்ல. அமைதியா செபிக்கச் சொல்லித்தர ஒராள் இருந்தாலும் போதும், இன்பொக்ஸில சொல்லுங்கோ.