தார்ஃபூர்: விறகுக்குப் போகும் பெண்களுக்கு அடுப்பா, காவலா?

கதிரவன்:
சூடானின் தார்ஃபூரில், போரால் வீடிழந்தவர்கள் தங்கும் முகாம்களின் பெண்கள் ஆயுதக்காரர்களிடம் பல நேரம் சிக்குவது விறகு பொறுக்கப் போகிற வழியில்தான். போய்த் திரும்ப ஏழு மணி நேரம்கூட ஆகும். ஆகவே விறகுத் தேவையைக் குறைப்பதுதான் முதல் வேலை. அமெரிக்காவின் பெர்க்லியில் இருக்கும் விஞ்ஞானி அசோக் காட்கில் குழுவினரின் பெர்க்லி-தார்ஃபூர் அடுப்புக்கு, மூன்று கல் அடுப்புக்கு ஆகும் விறகில் ஏறக்குறைய பாதி போதும். தகடுகளை மும்பையில் வெட்டி, வடக்கு தார்ஃபூரின் தலைநகரான எல் ஃபாஷரில் பொருத்தினார்கள். வாய் சிறியது, காற்றடித்தாலும் தீ சிதறாது, விறகை அள்ளித் திணிக்கவும் முடியாது. அங்கே அன்றாடச் சாப்பாடு அசீதா, நம் களி மாதிரி. அழுத்திக் கிண்டும்போது அடுப்பு சாயாதபடி வடிவமைத்திருக்கிறார்கள்.

தாமரைச்செல்வி:
விறகு பாதியானால் நடையும் பாதியாகும் என்ற கணக்கு அங்கே செல்லாது. பெண்கள் விறகை எரிக்க மட்டும் எடுப்பதில்லை, விற்கவும் எடுக்கிறார்கள். உதவியாக வருவது முழுச் சோளம். அரவைக் கூலிக்கே அதில் ஒரு பங்கை விற்க வேண்டியிருக்கிறது. உப்பு, எண்ணெய், சோப்புக்கு விறகுக் காசுதான். அடுப்பில் மிச்சமாகும் விறகுக்கட்டும் சந்தைக்குத்தான் போகும்.

அதனால் காவல் ரோந்து வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தப் பாதை என்று முதலிலேயே பெண்கள் குழுவோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். வண்டி ஒன்று முன்னே, ஒன்று பின்னே. பெண் காவலரும் உள்ளூர் மொழி தெரிந்த பெண் மொழிபெயர்ப்பாளரும் கட்டாயம் வேண்டும். வெயிலுக்கு முன் கிளம்புகிறவர்களை மணிக்கணக்கில் காக்க வைத்தால் அடுத்த முறை தனியாகவே போய்விடுவார்கள்.

கதிரவன்:
டீசல் இல்லை என்றால் அந்த ரோந்தும் இல்லை. ஐ.நா.வும் ஆப்பிரிக்க ஒன்றியமும் சேர்ந்து நடத்திய அமைதிப் படையின் பணி 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு யார் கூடப் போவது? அடுப்பாவது வீட்டில் இருக்கும்.

தாமரைச்செல்வி:
எந்த வீட்டில்? 2023 ஏப்ரலில் ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணைப்படைக்கும் போர் மூண்டது. 2025 ஏப்ரலில் அந்தத் துணைப்படை எல் ஃபாஷர் பக்கத்து ஸம்ஸம் முகாமைத் தாக்கியது, அக்டோபரில் எல் ஃபாஷரும் அதன் கையில் விழுந்தது. அங்கிருந்து தவீலா ஊருக்கு ஓடுகிற தாய் பிள்ளையைத் தூக்குவாளா, அடுப்பைத் தூக்குவாளா?

நூருன்னிசா:
பாலியல் வன்முறைக்கு ஆளாகித் திரும்பிய பெண்ணை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கரு உண்டாகாமல் தடுக்க லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரை 1.5 மி.கி., 120 மணி நேரத்துக்குள். முந்தினால் பலன் அதிகம். சூடானில் வெகுகாலம் தாக்குதல் காயத்தைப் பதியும் போலீஸின் ‘படிவம் 8’ இல்லாமல் சிகிச்சையே கிடையாது. பிறகு விதியைத் தளர்த்தினாலும் பயம் தங்கிவிட்டது. யாருக்குப் பயப்படுகிறாளோ அவர்களிடமே போய்ப் படிவம் கேள் என்றால் எப்படிப் போவாள்? இந்தச் சிகிச்சைக்குத் தனிக் கூடாரமும் போடக்கூடாது. உள்ளே போகிறவளை ஊரே அடையாளம் கண்டுகொள்ளும். பிரசவம் பார்க்கும் அறையிலேயே, அதே வரிசையில் கொடுக்க வேண்டும்.

கதிரவன்:
அக்கா, ஒப்புக்கொள்கிறேன். அரவைக் கூலி விஷயத்தில் தாமரை சொல்வதும் சரி. சோளத்துக்குப் பதில் மாவு கொடுத்தாலே ஒரு நடை குறையும்.

தாமரைச்செல்வி:
குறையும். ஆனால் மாவு சோளம் மாதிரி நாள்பட நிற்காது. மழைக்காலத்தில் பாதை அறுபட்டால் மூட்டையிலேயே கெட்டுப்போகும். முகாமுக்குள்ளேயே அரவை இயந்திரம் வைத்து, கூலியை உதவிப் பணத்தில் கட்டுங்கள். அதற்கும் டீசல் வேண்டும், கதிர். ரோந்து வண்டிக்குக் கிடைக்காத டீசல் இதற்கு எப்படிக் கிடைக்கும் என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.