ரூஃப் ஓவர்ஹேங்: இறவாரமா, கூரைநீட்டமா?

குழுவினருக்கு வணக்கம்.

கட்டடத்துறை மாணவர்களுக்கான கைந்நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஆறாம் இயலில் வந்து நின்றுவிட்டேன். இயல் முழுக்க ஒரே பொருள்தான்: சுவரைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கும் கூரைப்பகுதி. ரூஃப் ஓவர்ஹேங் என்கிறார்கள். அது அகலமாக இருந்தால் மழை சுவரில் அடிக்காது, சன்னல் சட்டம் உளுத்துப்போகாது, கோடை வெயில் உள்ளே இறங்காது, அடித்தளத்தை ஒட்டி ஈரம் நிற்காது என்று நன்மைகள் வரிசையாக வருகின்றன. பக்கத்துக்கு நாலைந்து முறை இந்தச் சொல் வருகிறது. ஒவ்வொரு தடவையும் 'சுவருக்கு வெளியே நீண்டிருக்கும் கூரைப்பகுதி' என்று எழுதினால் படிப்பவர் மூச்சு வாங்கிவிடுவார். 'அகன்ற', 'குறுகிய' என்று அடை சேர்க்கவும், 60 செ.மீ. என்று அளவு சொல்லவும் தோதான ஒரு சொல் வேண்டும்.

— செ.

* * *

செ., புதிதாக ஆக்கவே வேண்டாம். சொல் இருக்கிறது: இறவாரம். இறவாணம் என்றும் உண்டு, பேச்சில் எரவாணம். "அரிவாளை எரவாணத்துல செருகி வை" என்று என் பாட்டி சொன்னால் நாங்கள் யாரும் எந்த இடம் என்று கேட்டதில்லை. கூரை சரிந்து வந்து முடியும் ஓரம், கை எட்டும் உயரம், உள்ளே ஓலைக்கும் அதைத் தாங்கும் கைமரத்துக்கும் நடுவில் ஒரு இடுக்கு.

இதன் பழைய வடிவம் இறை. குறுந்தொகை 46ஆம் பாட்டில் வீட்டுக்குருவி முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்று, எருப்புழுதியில் குளித்துவிட்டு, 'இல்லிறைப் பள்ளி'யில் தன் குஞ்சுகளோடு தங்குகிறது. மலையாளத்தில் இன்றைக்கும் 'இற' என்றால் கூரையின் இந்த ஓரம்தான். இவ்வளவு வயதுள்ள சொல்லை வைத்துக்கொண்டு நாம் ஏன் புதுச்சொல் தேட வேண்டும்?

— ம.

* * *

ம. அம்மா சொன்னதை வழிமொழிகிறேன். ஒரு படி மேலேயும் போகிறேன். புறநானூறு 129இல் குறவர்களின் குடிசை 'குறியிறைக் குரம்பை'. குறுகிய இறையை உடைய குடிசை. ஆக, ஓவர்ஹேங் சிறியதா பெரியதா என்று பிரித்துச் சொல்லும் வழக்கமே அன்று இருந்திருக்கிறது. குறியிறைக்கு எதிர்ச்சொல் என்ன? நெடுமை + இறை. நன்னூலின் பண்புப்பெயர்ப் புணர்ச்சி விதிப்படி ஈறு போய், இடை உகரம் இ ஆனால் நெடியிறை. தன்னொற்று இரட்டினால், நெட்டிலை போல, நெட்டிறை. இரண்டும் இலக்கணத்துக்கு ஒத்தவை. எனக்கு நெட்டிறை பிடித்திருக்கிறது. 'வீட்டுக்கு நெட்டிறை நல்லது' என்று சொல்லிப் பாருங்கள்.

— பொ.

* * *

பொ. ஐயா, சொல்லிப் பார்த்தேன், வகுப்பிலும் சொன்னேன். பதினெட்டு மாணவர்கள். கரும்பலகையில் 'அகன்ற இறை' என்று எழுதிவிட்டுப் பொருள் கேட்டேன். பெரும்பாலோர் கடவுள் என்றார்கள். ஒருத்தி வரி என்றாள்; இறையிலி நிலம் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறாள். ஒருவன்கூடக் கூரை என்று சொல்லவில்லை. வீட்டிறப்பு என்ற சொல்லும் இதே பொருளில் உண்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் 'வீட்டில் இறப்பு அகலமாக இருக்க வேண்டும்' என்று பாடம் நடத்த என்னால் முடியாது.

அப்புறம் 'கூரைநீட்டம்' என்று எழுதினேன். விளக்கமே தேவைப்படவில்லை. கையைச் சுவருக்கு வெளியே நீட்டிக் காட்டினான் ஒரு பையன். கலைச்சொல்லுக்கு அதுதானே வேலை?

— த.

* * *

கூரைநீட்டம் சொல் அல்ல, விளக்கம். அப்படிப் பார்த்தால் சன்னலைச் 'சுவர்த்திறப்பு' என்று சொல்லிவிடலாம். பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்றால் கற்றுக்கொடுப்பதுதான் வழி. நமக்கும் யாரோ கற்றுக்கொடுத்த சொற்கள்தானே இவையெல்லாம்.

வேர் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். இறை என்பது இறு என்ற வேரில் வந்தது என்பது என் எண்ணம். இறுதி என்பதைப் போல, கூரை இற்று முடியும் இடம்.

— பொ.

* * *

இறு அல்ல, இறங்கு என்பது என் எண்ணம். கூரை இறங்கி வரும் இடம் இறை. 'வாரம்' என்ற பகுதியையும் சேர்த்துப் பாருங்கள்: அடிவாரம், தாழ்வாரம், இறவாரம். மூன்றிலும் சரிவும் பக்கமும் இருக்கின்றன. அதனால் நான் மேலே எரவாணம் என்று இடையின ரகரம் போட்டு எழுதியதும் தவறு, வல்லினம்தான்.

இன்னொன்று. கொடுங்கையை யாரும் சொல்லவில்லையே? வளைந்து வெளியே நீளும் கூரை விளிம்பு அது. ஆவுடையார்கோயில் கொடுங்கையில் மரச்சட்டத்தையும் ஆணியையும்கூடக் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள்.

— ம.

* * *

நான் கட்டடப் பொறியாளர். இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். கொடுங்கை சிற்பிகளின் சொல், அவர்களிடமே இருக்கட்டும். கொத்தனார்கள் சொல்லும் சன்சேடும் வேறு. அது சன்னலுக்கு மேல் நீட்டும் சிறு பலகை. தாழ்வாரத்துக்குக் கீழே ஆள் உட்காரலாம், அதுவும் வேறு.

இங்கே இரண்டு பொருள்கள் ஒன்றாகக் குழம்புகின்றன. ஒன்று, கூரையின் அந்தப் பகுதி. இன்னொன்று, சுவரிலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற அளவு. செ. மொழிபெயர்க்கும் இயலுக்கு உயிரே அந்த அளவுதான். வட அட்சம் 40 பாகையில் தெற்கு பார்த்த சுவர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 21ஐ ஒட்டி நண்பகலில் சூரியன் ஏறத்தாழ 73 பாகை உயரத்தில் நிற்கும். கூரை 60 செ.மீ. நீண்டிருந்தால் நிழல் சுவரில் 2 மீட்டர் இறங்கும். சன்னல் முழுக்க நிழலுக்குள் வந்துவிடும். டிசம்பர் 21இல் சூரியன் 27 பாகைக்கும் கீழே. அதே 60 செ.மீ.க்கு நிழல் 30 செ.மீ.தான், குளிர்கால வெயில் தடையில்லாமல் உள்ளே வரும். ஒரு துண்டுக் கூரை, எந்த இயந்திரமும் இல்லாமல், பருவம் பார்த்து வெயிலை விடுகிறது, தடுக்கிறது. கிழக்கு, மேற்குச் சுவர்களில் இந்தக் கணக்குச் செல்லாது. அங்கே வெயில் தாழ்ந்து பக்கவாட்டில் வரும்.

மழைக்கு வாருங்கள். மழை விட்டதும் கூரை ஓரத்துக்கு நேர் கீழே தரையைப் பாருங்கள். சொட்டு விழுந்து விழுந்து சிறு சிறு குழிகள் ஒரே கோடாக ஓடும். கூரை ஒரு சாண்தான் நீண்டிருக்கிறது என்றால் அந்தக் கோடு சுவரடியிலேயே கிடக்கும். சேறு தெறித்து முழங்கால் உயரத்துக்குச் சுவரில் செம்பட்டை விழுந்திருக்கும். மூன்று சாண் நீண்டால் கோடு விலகிவிடும். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா கடலோரத்தில், 1990களில், அடுக்குமாடி வீடுகளின் மரச்சுவர்கள் நீர் புகுந்து அழுகிக் கிடந்தன. ஆராய்ந்தபோது, கூரை அதிகம் நீண்டிருந்த சுவர்களில் கோளாறு குறைவாக இருந்தது. நானே தொடக்கத்தில், அழகுக்காக என்று கூரையைச் சுவரோடு வெட்டி ஒரு வீடு வரைந்தேன். மூன்றாவது மழையில் சன்னல் மூலைகளெல்லாம் ஊறிவிட்டன. அந்த வீட்டுக்காரர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

ஒரு எச்சரிக்கையும் இயலில் இருக்க வேண்டும். நீளம் கூடக்கூடக் காற்று கீழே புகுந்து கூரையைத் தூக்கப் பார்க்கும். கைமரங்களைச் சுவரோடு இரும்புப்பட்டை போட்டுப் பிணைக்காமல் நீட்டக் கூடாது.

ஆகவே பகுதிக்கு இறவாரம், அளவுக்கு நீட்டம். 'இறவாரத்தின் நீட்டம் 60 செ.மீ.' என்றால் தளத்தில் யாருக்கும் குழப்பம் வராது.

— வே.

* * *

வே. சொன்ன பிரிப்பை ஏற்கிறேன். ஆனால் இயல் தலைப்பில் கூரைநீட்டம் இருக்கட்டும். மாணவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

— த.

* * *

எல்லோருக்கும் நன்றி. நாளை வெள்ளி. தலைப்பு 'அகன்ற கூரைநீட்டத்தின் பயன்கள்' என்று போகிறது. முதல் பத்தியிலேயே 'இப்பகுதியை இறவாரம் என்பர்' என்று சொல்லிவிட்டு, பிறகு முழுக்க இறவாரம், அளவு வரும் இடத்தில் நீட்டம். ம., த., வே. மூவரும் இதற்கு ஒத்துவருகிறார்கள். பொ. ஐயா, நெட்டிறையை இந்தப் பதிப்பில் சேர்க்க முடியவில்லை.

— செ.

* * *

சரி. அடைப்புக்குறிக்குள்ளாவது ஓரிடத்தில் போட்டிருக்கலாம். குருவி தங்கிய இல்லிறையிலிருந்து வந்த சொல் அது. அடுத்த பதிப்பு வரும்போது திரும்ப எழுதுவேன்.

— பொ.