வெளிவட்டாரப் பிள்ளைகளின் வேன் செலவு: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கோலாலம்பூர் செந்தூல் பக்கம் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளிக்குச் சிலாங்கூர் மாநிலத்துச் செலாயாங், பத்துமலையிலிருந்து வரும் பிள்ளைகளுக்காகக் கேட்கிறோம். பள்ளிக்கு அரசாங்கம் தரும் தலா மானியம் (ஒரு மாணவருக்கு இவ்வளவு என்ற பணம்) மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் வருகிறது. பிள்ளை மாநில எல்லை தாண்டி வந்தாலும் கணக்கில் ஒருவர்தான். ஆனால் அந்த மானியத்தில், எடுத்துக்காட்டாக, அறிவியல் பாடத்துக்கு வந்த பணத்தை வேனுக்குத் திருப்ப முடியாது, தணிக்கையில் மாட்டும். 150 பேருக்குக் கீழே இறங்கினால் குறைந்த மாணவர் பள்ளி என்ற பட்டியலில் சேர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு பிள்ளையும் முக்கியம்.

12 பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 120 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தால் 1,440 வெள்ளி. பாதியைப் பெற்றோர் கட்டினாலும் மீதி 720 வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வேனை அமர்த்திவிடக் கூடாது. ஓட்டுநரிடம் பி.எஸ்.வி. உரிமமும் (பயணிகளை ஏற்றும் பொதுச் சேவை வாகனம் ஓட்டும் உரிமம்) வண்டிக்கு அபாட் எனும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனத்தின் அனுமதியும் இல்லையென்றால், விபத்து நேரத்தில் காப்புறுதி கைவிரிக்கலாம்.

வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் நன்கொடையாளருக்கு வரிவிலக்கு ரசீது கொடுக்கும் அறவாரியம் வழியாக வேன் நிதி திரட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? செலவை எந்தத் தலைப்பில் காட்டினீர்கள்? பணம் நேரே வேன்காரருக்குப் போனதா, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கணக்கு வழியாகவா? விண்ணப்ப மாதிரி இருந்தால் இங்கேயே போடுங்கள், அடுத்த கூட்டத்துக்கு முன் தேவைப்படுகிறது.