மறியலில் (சிறையில்) இருப்பவர்களைப் பார்க்கப் போவது எப்படி?

கேள்வி: எங்கள் கோயில் இளைஞர் குழு நத்தாருக்கு (கிறிஸ்மஸுக்கு) யாழ்ப்பாணச் சிறைக்குப் போக நினைக்கிறது. கேக்கும் கொண்டுபோய் நாலு பாட்டுப் பாடினால் சரிதானே?

பதில் 1: முதலில் பாதரிடம் சொல்லி, அவர் கையால் சிறை நலன்புரி உத்தியோகத்தருக்கு ஒரு கடிதம் கொடுங்கள் தம்பி. வீட்டுக் கேக்கை உள்ளே விடுவார்கள் என்று நம்ப வேண்டாம். நாங்கள் போனபோது சவர்க்காரத்தைக்கூட உறை பிரித்துத்தான் விட்டார்கள்.

பதில் 2: 'என்ன செய்துவிட்டு வந்தீர்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள். விளக்கமறியலில் இருப்பவருக்குத் தீர்ப்பே வந்திருக்காது. அப்புறம், மதம் பார்க்காதீர்கள். இயேசு சீடர்களின் கால் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழனன்று, 2013இல், ரோமில் இளையோர் சிறையில் பாப்பரசர் பிரான்சிஸ் கால் கழுவிய 12 பேரில் முஸ்லிம்களும் இருந்தார்கள்.

பதில் 3: நத்தாருக்கு எல்லோரும் வருவார்கள், மாசியில் ஒருவரையும் காணோம். அப்போது போங்கள்.

கேட்டவர்: சரி அண்ணை, மாசிக்கும் சேர்த்தே கடிதம் எழுதுகிறோம்.